உள்சுவரில் பெயிண்ட் தெளிப்பு: பெயிண்டர் மாட்டேன் என்கிறார், நானே செய்யலாமா?

28 டிசம்பர் 2023, இரவு 10.40

வீட்டுக்குள் ஒரு சுவரில் பெயிண்ட்டைத் தெளித்து அலங்காரம் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ரோலரில் உருட்டும் டெக்ஸ்சர் இல்லை, ஸ்டென்சிலும் இல்லை. பிரஷ்ஷை நனைத்து உதறி, புள்ளியும் கோடுமாகச் சுவரில் விழ வைப்பது.

மதுரை அனுப்பானடியில் இருக்கிறோம். மாமனார் கட்டிய வீடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் பேச்சு வந்ததும், எட்டாவது படிக்கும் மகன் தன் அறையில் ஒரு சுவரை மட்டும் இப்படிச் செய்து தரச் சொன்னான். எனக்கும் அது சின்ன வயதிலிருந்து இருக்கும் ஆசை. மேலூர்ப் பக்கம் எங்கள் மாமா வீட்டில், திருவிழா மஞ்சள் தண்ணீர் தெறித்த வெள்ளைச் சுவர் ஒன்று இருந்தது. அதை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எப்போதும் வரும் பெயிண்டரிடம் சொன்னோம். "அக்கா, இருபது வருசமா சொட்டு விழாம அடிக்கத்தான் பழகியிருக்கேன். சொட்டு விழுறதையே வேலையா செய்யச் சொன்னா எப்படி?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

வாரி இறைக்கிற வேலைதானே, நாமே செய்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா?

29 டிசம்பர் 2023

கேட்டவர்களுக்கு: சுவர் 11 அடி அகலம், 9 அடிக்குக் கொஞ்சம் கூடுதல் உயரம். ஜன்னல் இல்லை. ஒரு சுவிட்ச் போர்டு, ஒரு டியூப் லைட். கீழே ரெட் ஆக்ஸைடு தரை. சுவரில் பல வருடச் சுண்ணாம்பு, அதற்கு மேல் வெளிர் பச்சை டிஸ்டம்பர்.

2 ஜனவரி 2024

பெயிண்ட் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பதிலில் எழுதியிருந்தார்: டிஸ்டம்பர் மேல் நேரடியாகத் தெளிக்காதீர்கள், முதலில் செலோடேப் ஒட்டி இழுத்துப் பாருங்கள் என்று. இழுத்துப் பார்த்தேன். டேப்போடு வெளிர் பச்சை வந்தது, அதன் பின்னால் சுண்ணாம்பும் செதிலாக வந்தது. கையால் தடவினாலே மாவு ஒட்டுகிறது.

அவர் சொன்ன காரணம் இது. டிஸ்டம்பர் மாவு பூத்த பரப்பு. அதில் விழும் கனமான பெயிண்ட்டுச் சொட்டு மாவைத்தான் பிடிக்கும், சுவரைப் பிடிக்காது. காய்ந்து சுருங்கும்போது விளிம்பு தூக்கிக்கொள்ளும். நகம் பட்டால் முழுப் புள்ளியும் பொட்டு மாதிரிக் கழன்று வரும். சுவர் முழுக்க அடிக்கும் பெயிண்ட்டுக்கு ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள இடம் உண்டு, தனிப் புள்ளிக்கு அது கிடையாது. இதை நான் யோசித்ததே இல்லை.

எனவே சுவரைச் சுரண்ட வேண்டும். பொங்கலுக்குள் முடியாது. மகனிடம் சொல்லிவிட்டேன்.

7 ஜனவரி 2024

மூன்று நாள் சுரண்டினோம். பட்டித் தகட்டால் நான் மேலே, மகன் கீழே. தண்ணீர் அடித்து ஊறவைத்துச் சுரண்டினால் சுண்ணாம்பு அழகாக ஏடாக வருகிறது, தூசியும் பறப்பதில்லை. காய்ந்தபடி சுரண்டியது முதல் நாள் மட்டும்தான். அன்று இரவு முழுக்க அத்தைக்கு இருமல். அதை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

பழைய வீட்டில் இதைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கதவு, ஜன்னல், சில இடங்களில் சுவரின் கீழ்ப்பாதியிலும் அந்தக் காலத்தில் எனாமல் (எண்ணெய் பெயிண்ட்) அடித்திருப்பார்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமலைக் காய்ந்தபடி உப்புத்தாள் போடவே கூடாது. குழந்தைகள் அறை என்றால் ஈரத்தாள் மட்டும்தான், அதையும் பெரியவர்கள் செய்யட்டும். எங்கள் அறைக் கதவில் அந்த எனாமல் இருக்கிறது, அதை நான் தொடவில்லை.

சுவரில் ஒரு மூலையில் ஓதம் தெரிந்தது. பின்பக்கத்துக் குளியலறைக் குழாய்தான் காரணம். பிளம்பர் வந்து சரி செய்தார். காயும்வரை பொறுக்க வேண்டும்.

11 ஜனவரி 2024

சுவர் காயட்டும் என்று அட்டையில் ஒத்திகை பார்த்தேன். வெள்ளை எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) அடித்த ஹார்டுபோர்டு, அதன் மேல் செங்காவியும் மஞ்சளும். மாமா வீட்டுச் சுவர் மாதிரி வரவேண்டும் என்பதுதான் என் கணக்கு. மொட்டைமாடியில் வைத்துத் தெளித்தேன். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கூடத்தில் கொண்டுவந்து சாத்தி வைத்தேன்.

அத்தை கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தார்.

"ஏத்தா, யாரு வெத்தலையப் போட்டு இதுல துப்புனது?"

மகனுடைய சிநேகிதன் வந்தான். "என்னடா ரத்தமா?" என்றான்.

இரண்டு பேரும் வேண்டுமென்று சொல்லவில்லை. கண்ணுக்கு அப்படித்தான் படுகிறது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டு மூலையிலும் மாடிப்படித் திருப்பத்திலும் சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய கறை அது. வெள்ளைச் சுவரில் சிவப்புத் தெறிப்பு என்றால், எவ்வளவு அழகாக விழுந்தாலும் நம் கண் முதலில் அங்கேதான் போகும். வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து நிறம் தேர்ந்தெடுப்பவர்கள் இதை யோசியுங்கள். வெள்ளையில் சிவப்பு, அரக்கு, காப்பிக்கொட்டை நிறம் மூன்றும் வேண்டாம். இடுப்புக்குக் கீழே கண்டிப்பாக வேண்டாம்.

இன்றைக்கு எனக்கு வருத்தம்தான். வேறு நிறம் யோசிக்க மனசு வரவில்லை.

16 ஜனவரி 2024

மாட்டுப் பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். மாமா வீட்டை இடித்துக் கட்டி ஒன்பது வருடம் ஆகிறது, அந்தச் சுவர் இல்லை. ஆனால் மாமாவிடம் ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். மஞ்சள் தண்ணீர்தானே ஊற்றினோம், சுவரில் ஏன் சிவப்பாக இருந்தது?

"சுண்ணாம்பு அடிச்சு ரெண்டு நாள்தானே ஆயிருந்துச்சு. ஆரத்தி சிவக்குதுல்ல, அதே கணக்குதான்" என்றார்.

இத்தனை வருடம் இது எனக்குத் தெரியாது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும் என்பது கல்யாண வீட்டில் ஆரத்தி கரைக்கும் எல்லாருக்கும் தெரியும். திருவிழாவுக்கு வெள்ளையடித்த புதுச் சுவரில் காரம் இருக்கிறது. முறைமாமன்கள் மேல் ஊற்றிய மஞ்சள் தண்ணீர் அதில் தெறித்ததும் அந்த இடம் மட்டும் சிவந்திருக்கிறது. சில இடத்தில் மஞ்சளாகவே நின்றதும் ஞாபகம் வருகிறது. அது சுண்ணாம்பு சரியாக ஏறாத இடமாகவோ பழைய பூச்சாகவோ இருந்திருக்கும். சுண்ணாம்பு காற்றுப் பட்டு இறுகிவிட்டால் காரம் குறைந்துவிடும்.

பெயிண்டர் தம்பி இதைப் படித்துவிட்டு, புதுப் பூச்சுச் சுவரில் 28 நாள் கழியாமல் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்பதற்கு இந்தக் காரமும் ஒரு காரணம் என்று எழுதியிருக்கிறார். ஈரமும் காரமும் சேர்ந்து சில நிறங்களை வெளுக்க வைத்துவிடுமாம். மஞ்சளைச் சிவக்க வைத்த அதே காரம்.

21 ஜனவரி 2024

நிறம் முடிவாகிவிட்டது.

விளக்குத்தூண் பக்கம் அத்தைக்குச் சேலை எடுக்கப் போயிருந்தோம். கடைக்காரர் கருநீலத்தில் ஒரு சுங்குடியை விரித்தார். நீலம் முழுக்க வெள்ளைப் புள்ளி, நடுநடுவே மஞ்சள். மகன் என் கையைப் பிடித்து இழுத்தான். நானும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுங்குடிப் புள்ளி அச்சடிப்பது இல்லை. துணியை நுனி விரலில் கிள்ளி நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். சௌராஷ்டிரக் குடும்பங்கள் மதுரையில் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. 2005-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இப்போது கடையில் சுங்குடி என்று கிடைப்பதில் நிறைய மெழுகு அச்சில் செய்தவைதான். அருகில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். முடிச்சுப் புள்ளியில் ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. ஒன்று வட்டம், ஒன்று கொஞ்சம் நீண்டிருக்கும், ஒன்றில் ஓரமாகச் சாயம் கசிந்திருக்கும். தெளித்த புள்ளியும் அப்படித்தான்.

நீல அடி, வெள்ளை முதன்மை, மஞ்சள் குறைவாக. அறை இருட்டாகிவிடாதா என்று கேட்கிறார்கள். ஒரு சுவர் மட்டும்தான் நீலம், மற்ற மூன்றும் வெள்ளை.

26 ஜனவரி 2024

பட்டி இரண்டு கோட்டு, 180 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 320. தண்ணீர் பிரைமர் ஒரு கோட்டு. இன்றோடு கருநீல எமல்ஷன் மூன்றாவது கோட்டு. அடர் நிறம் இரண்டு கோட்டில் மூடவில்லை, ஏணி சாத்திய இடம்கூடத் திட்டாகத் தெரிந்தது. நாளை தெளிப்பு.

27 ஜனவரி 2024, இரவு

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

மற்ற மூன்று சுவரிலும் பழைய வேட்டி, போர்வை. தரையில் தார்ப்பாய். சுவிட்ச் போர்டை மூடி மாஸ்கிங் டேப். மேலே கூரையில் ஓரமாக இரண்டடிக்குத் தாள். ஃபேனை நிறுத்தி, இறக்கையில் பாலிதீன் பை மாட்டினேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வெள்ளை எமல்ஷனில் சரிபாதி தண்ணீர் ஊற்றினேன். நன்றாகப் பறக்கும் என்று நினைத்தேன். நன்றாகவே பறந்தது. சுவரில் விழுந்ததும் ஒவ்வொரு புள்ளியும் கண்ணீர் மாதிரி வழிய ஆரம்பித்தது. முழ நீளத்துக்கு ஐம்பது கோடு. துணியை எடுத்துத் துடைத்தேன், நீலத்தில் வெள்ளை மங்கலாகப் பரவியது. பெரிதாக நின்ற சில புள்ளிகளும் காய்ந்ததும் வெள்ளையாக இல்லை, நீலம் உள்ளே தெரிந்து சாம்பல் பூத்த மாதிரி ஆனது.

மகன் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. நீலத்தையே இன்னொரு கோட்டு அடித்து மூடிவிட்டுத்தான் சாப்பிட்டோம்.

முதல் நாள் "வாரி இறைக்கிற வேலைதானே" என்று எழுதியிருந்தேன். தப்பு. அதை நம்பி யாரும் தொடங்கிவிடாதீர்கள்.

28 ஜனவரி 2024

இன்று ஞாயிறு. காலையில் கோலம் போட வாசலில் நின்றேன். அத்தை சாணம் கரைத்த வாளியோடு வந்தார். எங்கள் வீட்டில் இன்னும் மண்வாசல் ஆறடி மிச்சம் இருக்கிறது, அதில் தினமும் அவர்தான் தெளிப்பார். எழுபத்து மூன்று வயது.

எத்தனையோ வருடம் பக்கத்தில் நின்று பார்த்த கைதான். இன்றைக்குத்தான் உண்மையில் பார்த்தேன். கை வேகமாகப் போவதே இல்லை. அள்ளுகிறார், மணிக்கட்டு சின்னதாக ஒரு சுழற்சி, சடாரென்று நிற்கிறது. விரல் அந்த நேரம் விரிகிறது. தண்ணீர் மட்டும் போகிறது. மண்ணில் விழுந்த சொட்டெல்லாம் ஒரே இடைவெளியில், குட்டை தேங்காமல், புழுதி அடங்குகிற அளவுக்கு மட்டும்.

நான் நேற்று முழங்கையோடு சேர்த்து வீசியிருக்கிறேன். கை நிற்கவே இல்லை. அதனால் பெயிண்ட் கோடு கோடாக இழுபட்டது, பாதி மேலே கூரைத்தாளில் விழுந்தது.

"அத்தை, மேல வந்து ஒரு தடவை காட்டுறீங்களா?"

"சுவத்துல தெளிக்கிறதுக்கு என்னத்தப் பழகணும்?" என்றார். ஆனால் வந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். மகன் தன் நீச்சல் கண்ணாடியைக் கொடுத்தான், அதையும் போட்டுக்கொண்டார்.

பதத்தைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "இது நீச்சத்தண்ணியால்ல இருக்கு. தோசைமாவு மாதிரி வேணாமா?" புது டப்பாவைத் திறந்து, தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாக விட்டுக் கலக்கினோம். குச்சியைத் தூக்கினால் ஒரு கணம் நாடாவாக இறங்கி, அப்புறம் சொட்டாக அறுந்து விழ வேண்டும். பின்னால் கணக்குப் பார்த்தேன். அரை லிட்டருக்கு ஏழெட்டு ஸ்பூன் தண்ணீர், அவ்வளவுதான்.

இரண்டு அங்குல பிரஷ் அத்தைக்குப் பிடிக்கவில்லை. "இது எல்லாத்தையும் குடிச்சிருது" என்றார். தென்னை ஈர்க்கு ஒரு பிடி எடுத்து, நுனியைச் சமமாக வெட்டி, நூலால் கட்டினார். அதை அரை அங்குலம் மட்டும் நனைத்து, வாளி விளிம்பில் ஒரு தட்டு தட்டிவிட்டு, சுவரைப் பார்த்து ஒரு உதறல்.

விழுந்தது. வழியவில்லை. பத்துப் பதினைந்து வெள்ளைப் புள்ளி, ஒன்றிரண்டு பெரிது, மற்றதெல்லாம் பொடி.

"வீசக்கூடாதுத்தா. கைய நிறுத்தணும். நீ நிறுத்துனா அது போகும்."

அப்புறம் நாங்கள் மூன்று பேரும் மாறி மாறிச் செய்தோம். மகன் ஒரு மணி நேரத்தில் பிடித்துக்கொண்டான். எனக்கு மதியம் ஆனது.

30 ஜனவரி 2024

கேள்விகள் நிறைய. ஞாபகம் வருகிற வரிசையில் சொல்கிறேன்.

புள்ளிக்கு வால் முளைப்பது பற்றி: நேராக நின்று தெளித்தால் வட்டம் விழும். சாய்வாகத் தெளித்தால் நீண்டு, பெயிண்ட் போகும் பக்கமாக வால் வரும். ஒரே இடத்தில் நின்று முழுச் சுவரையும் முடித்தால், நடுவில் வட்டமாகவும் இரண்டு ஓரத்திலும் வாலோடும் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் நடுவில் ஏதோ வெடித்த மாதிரித் தெரியும். அதைத்தான் விரும்புகிறீர்கள் என்றால் சரி. சுங்குடி மாதிரி வேண்டுமென்றால் சுவரோடு சேர்ந்து நடந்துகொண்டே தெளிக்க வேண்டும். அத்தை வாசலில் நடந்துகொண்டேதான் தெளிப்பார்.

அளவு: வெள்ளை கால் லிட்டர்கூடச் செலவாகவில்லை. மஞ்சள் 200 மில்லி டப்பாவில் பாதி மிச்சம். லிட்டர் கணக்கில் வாங்கிவிடாதீர்கள். வெள்ளையில் ஸ்டெய்னர் (நிறம் சேர்க்கும் சாயக் குழம்பு) கலந்தும் மஞ்சள் செய்துகொள்ளலாம்.

ஒரு நிறம் காய்ந்த பிறகுதான் அடுத்தது. நான்கு மணி நேரம் விட்டோம். ஈரத்தின் மேல் ஈரம் விழுந்தால் இரண்டும் கலங்கிச் சேற்று நிறமாகிவிடும்.

தப்பான இடத்தில் விழுந்த பெரிய சொட்டை முழுதாகத் துடைக்கப் போகாதீர்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியால் சொட்டின் அடிப்பக்கத்தை மட்டும் தொட்டு உறிஞ்சினால் வழிவது நின்றுவிடும். இதை நாங்கள் நாற்பது ஐம்பது இடத்தில் செய்திருப்போம்.

மகன் எங்கிருந்தோ ஜாக்சன் பொல்லாக் படங்களைக் கொண்டுவந்து காட்டினான். அமெரிக்க ஓவியர், 1912-இல் பிறந்து 1956-இல் கார் விபத்தில் இறந்தவர். அவரும் வீட்டுக்கு அடிக்கும் எனாமலையே வாங்கி, குச்சியாலும் காய்ந்து விறைத்த பிரஷ்ஷாலும் சொட்டியிருக்கிறார். லாங் ஐலண்டில் அவர் வேலை செய்த கொட்டகைத் தரையை, சிந்திய பெயிண்ட்டோடு அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மகன் கவனித்தது வேறு. "அம்மா, அவர் துணியைத் தரையில விரிச்சுல்ல ஊத்துறார்." ஆமாம். கிடத்திய துணியில் எவ்வளவு தண்ணியாக ஊற்றினாலும் நிற்கும். நிற்கும் சுவரில் நிற்காது. அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அதே பதத்தில் சுவரில் தொடங்குபவர்களுக்கு என்னுடைய சனிக்கிழமைதான் கிடைக்கும்.

எனாமலில் செய்யலாமா என்று கேட்ட ஒத்தக்கடை அண்ணனுக்கு: வேண்டாம் அண்ணே. காய மணிக்கணக்காகும், அதுவரை சொட்டு தொங்கிக்கொண்டே இருக்கும். வெள்ளை எனாமல் வீட்டுக்குள் வருடம் போகப் போகப் பழுத்துவிடும். டர்பன்டைன் வாடையில் பையன் படுக்க முடியாது.

31 ஜனவரி 2024

வால்பேப்பரே ஒட்டியிருக்கலாமே என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தெளிப்பு மாதிரி அச்சடித்தது கிடைக்கிறது, பார்த்தேன். ஒரு சுருள் 53 சென்டிமீட்டர் அகலம். 11 அடிச் சுவரில் ஆறேழு பட்டை வரும். எல்லாப் பட்டையிலும் அதே பெரிய புள்ளி அதே உயரத்தில் திரும்பத் திரும்ப வரும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும். மெழுகு அச்சுச் சேலைக்கும் முடிச்சுச் சேலைக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். எனக்கு முடிச்சுச் சேலை வேண்டும்.

11 பிப்ரவரி 2024

இரண்டு வாரம் அந்த அறையில் புழங்கிய பிறகு தோன்றுவது.

வலது ஓரம் நெரிசலாகிவிட்டது. கடைசியாக மகனும் நானும் சேர்ந்து உற்சாகத்தில் அங்கே நிறைய தெளித்துவிட்டோம். அத்தை அதற்கு முன்னாலேயே "போதும், எறங்குங்க" என்றார். கேட்டிருக்க வேண்டும். தெளிக்கும்போது சுவரிலிருந்து மூன்றடியில் நிற்கிறோம், எப்போதும் குறைவாகத்தான் தெரியும். கட்டிலில் படுத்துப் பார்ப்பவன் பத்தடியில் இருக்கிறான். ஒவ்வொரு சுற்றுக்கும் வெளியே போய், கதவு நிலையில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள், அது உதவும்.

டூத் பிரஷ்ஷைக் கட்டைவிரலால் வருடி விட்டால் பொடித் துகள் மாதிரி விழும் என்று நான் இதற்கு முன் ஒரு பதிலில் சொல்லியிருந்தேன். விழும். ஆனால் அது நீலச் சுவரில் தூசி படிந்த மாதிரிதான் தெரிகிறது. அந்த யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். வெள்ளை அடியில் அடர் நிறத் துகள் என்றால் நன்றாக இருக்கலாம்.

தரையைப் பற்றி: தார்ப்பாய் விலகிய இடத்தில் ரெட் ஆக்ஸைடில் ஏழெட்டுச் சொட்டு. அன்றே பார்த்ததை ஈரத்துணியால் எடுத்தேன். மறுநாள் பார்த்ததை நல்லெண்ணெய் தடவி ஊறவைத்து, தேங்காய்ச் சிரட்டை விளிம்பால் நெம்பினேன், கீறல் விழவில்லை. பட்டித் தகடு போட்டுவிடாதீர்கள், அந்தத் தரையின் பளபளப்பு போனால் திரும்பச் செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம்.

25 ஏப்ரல் 2024

முந்தாநாள் அழகர் ஆற்றில் இறங்கினார். மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். கருப்பசாமி வேடம் போட்டவர்கள் தோல்பையைத் தோளில் தொங்கவிட்டு, துருத்தியால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தார்கள். இந்த வருடம் பிரஷர் பம்பு வைத்து அடிக்கக்கூடாது என்று கட்டுப்பாடு. மகன் அந்தத் தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். தோல்பையைக் கையால் அமுக்கும்போது தண்ணீர் வளைந்து போய், மேலே சொட்டாக உடைந்து, பூ மாதிரி விழுகிறது. முகத்தில் பட்டால் சுகமாக இருந்தது.

போன மாதம் ஒருவர் கம்ப்ரசர் ஸ்பிரே கன் வைத்துத் தெளிக்கலாமா என்று கேட்டு, நான் பதில் சொல்லாமல் விட்டிருந்தேன். இப்போது சொல்கிறேன். அழுத்தம் அதிகமானால் பெயிண்ட் புகையாகிவிடும், சொட்டு உருவாகாது. முழுச் சுவருக்கு அடி நிறம் அடிக்க அது நல்லது. தெளிப்புக்குக் கைதான்.

கோடையில் தொடங்குபவர்களுக்கு இன்னொன்று. இந்த வெயிலில் வாளியில் பெயிண்ட் ஆடை கட்டுகிறது. ஆடைத் துணுக்கு ஈர்க்கில் மாட்டினால் சுவரில் கட்டியாக விழும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள், மீதியை மூடி வையுங்கள். மாஸ்கிங் டேப்பை அன்றே எடுத்துவிடுங்கள். சுவிட்ச் போர்டு டேப்பை நான் நான்கு நாள் விட்டேன், பசை அங்கேயே தங்கிவிட்டது. மண்ணெண்ணெய் தொட்டுத்தான் துடைத்தேன்.

9 நவம்பர் 2024

பொங்கலுக்கு முன் செய்ய வேண்டும் என்று கேட்ட சோழவந்தான் தங்கைக்கு: கார்த்திகை மழை நிற்கட்டும். ஈரக் காற்றில் பட்டி காய்வதே இரண்டு மூன்று மடங்கு நாள் எடுக்கும். வாடகை வீடு என்றால் சுவரில் செய்யவே செய்யாதீர்கள். எட்டடிக்கு நான்கடி பிளைவுட்டில் செய்து சுவரில் சாத்திவிடுங்கள், வீடு மாறும்போது கூடவே வரும்.

ஏன் என்றால், இதை அழிப்பது லேசு இல்லை. மேலே நான்கு கோட்டு அடித்தாலும் நிறம்தான் மறையும், புள்ளி மேடு மறையாது. சாயங்கால வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது அம்மைத் தழும்பு மாதிரித் தெரியும். 120 நம்பர் தாளில் மேட்டைத் தேய்த்து, மெல்லிசாகப் பட்டி பார்த்து, பிரைமர் போட்டுத்தான் புது நிறம். செய்யும்போதே இதை யோசித்துக்கொள்ள வேண்டும். நான் யோசிக்கவில்லை, ஆனால் வருத்தமும் இல்லை.

ஆணி அடித்த ஓட்டை ஒன்றை அடைத்து நீலம் தொட்டு வைத்தேன். சாதாரண நீலச் சுவரில் அந்த ஒட்டு தனியாகத் தெரிந்திருக்கும். இதில் மேலே நான்கு சொட்டுத் தெளித்ததும் எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

19 ஜனவரி 2025

மாமா வீட்டுச் சுவரைப் பற்றி ஒரு தங்கை மறுபடி கேட்டிருந்தார். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

போகிக்கு முதல் நாள் கொல்லைப்புற மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தோம். கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி, நானே தண்ணீர் விட்டுத் தாளித்து வடிகட்டினேன். பொங்கல் அன்று சாயங்காலம் அத்தை ஒரு சொம்பில் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு வந்தார். நான் கேட்கவில்லை. போன வருடம் நான் ஊரிலிருந்து வந்து சொன்னதை ஞாபகம் வைத்திருந்திருக்கிறார்.

ஈர்க்கு கூட இல்லை, வெறும் கை. மூன்று உதறல். மஞ்சளாகத்தான் போய் விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு சொட்டாகச் சிவந்தது. ஓரம் முதலில், அப்புறம் நடு. அவருக்கு அது வெற்றிலை எச்சில் மாதிரித் தெரிகிறதா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். "இது மஞ்சத்தண்ணி. பார்த்தாத் தெரியாதா?"

16 மார்ச் 2025

மதிலில் இருந்த சிவப்பு வெயிலில் வெளுத்துக்கொண்டே வந்து, இப்போது ஆட்டுக்கல் நிழல் படும் இடத்தில் மட்டும் ஏழு புள்ளி இருக்கிறது. மகன் தினமும் எண்ணுகிறான். சித்திரை பிறப்பதற்குள் மறுபடி சுண்ணாம்பு அடிக்க வேண்டும், அத்தை கிளிஞ்சல் வாங்கச் சொல்லிவிட்டார்.